நிழல் வியாபாரியின் வெயில் வைத்தியம்

பதினொன்றே கால் ஆனதும் உதயசூரியன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறார். பின்னாலேயே பனியனும் போகிறது. கொல்லையில் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, நாலு பக்கமும் பழைய பந்தல் துணியைச் சுற்றி, மேலே மட்டும் ஒன்றும் போடாமல் ஒரு மறைப்புக் கட்டி வைத்திருக்கிறார். அதற்குள் புகுந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கையில் செல்போன். கால் மணி நேரத்தில் அது அலறும். அலறினால் திரும்பி நெஞ்சைக் காட்ட வேண்டும்.

"ஒரு பக்கம் வெந்திருக்கும். திருப்பிப் போடுங்க" என்று அடுப்படி சன்னலிலிருந்து குரல் வருகிறது. அது பிச்சையம்மாள், நாற்பத்தோரு வருஷமாக அவருடைய மனைவி. போன் அலற இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி என்பதால் உதயசூரியன் அசைவதில்லை. "வெயிலுக்கு ஒரு டயம் இருக்கு. ஒன் வாய்க்குத்தான் இல்ல" என்று துணிக்குள்ளிருந்து முணுமுணுக்கிறார். அது சன்னல் வரைக்கும் கேட்பதில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

கீரனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நிழல் வேண்டுமென்றால் இந்த மனிதரிடம்தான் வரவேண்டும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, சாவு எதுவானாலும் பந்தல் அவருடையது. தகர ஷீட்டும் துணியும் சவுக்குக் கம்பும் சிவப்பு நாற்காலிகளுமாக ஒரு கிட்டங்கி நிறைய வைத்திருக்கிறார். புது ஊருக்குப் போனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்ப்பார். "மூணு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு மூஞ்சில வெயில் அடிக்கும். அஞ்சாவது வரிசைலேருந்து ஒக்கார வைங்க" என்பார். சொன்னால் சொன்ன நேரத்தில் வெயில் அங்கேதான் வந்து விழும். காலையில் திருச்சிக்குப் பஸ் ஏறினாலும் இடப்பக்கச் சீட்டுக்குத்தான் பாய்வார். வலப்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் இடப்பக்கத்தில் தொற்றிக்கொண்டு நிற்பாரே தவிர அங்கே உட்காரமாட்டார்.

பெயர் அவர் கேட்டு வாங்கியதல்ல. தகப்பனார் தீவிரக் கட்சிக்காரர். பையன் பிறந்ததும் யாரையும் கேட்காமல் சின்னத்தையே பெயராக வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மாறும்போதெல்லாம், வருகிற வாத்தியாரின் கட்சியைப் பொறுத்து அவருக்கு முதுகில் தட்டலோ அடியோ விழுந்தது. அறுபத்தாறு வயதுவரை அந்தப் பெயரால் வந்த தொல்லைகளில் மிகப் பெரியது அதுதான் என்று நினைத்திருந்தார். போன வருஷம் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டிய பெண், "உதயசூரியன்... வைட்டமின் டி ஒம்போது. ரொம்பக் கம்மிங்க" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் எதையோ தேடப் போனாள். வெகுநேரம் தேடினாள்.

அந்தச் சீட்டில் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. நாலுக்குள் இருக்கவேண்டிய பி.எஸ்.ஏ. என்ற இடத்தில் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கிறதே, வெளியூர் வேலையில் இது அவமானமாக இருக்கிறதே என்றுதான் அவர் டாக்டரிடம் போயிருந்தார். சதை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிவரஞ்சனி, மூத்திரப்பைக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, புராஸ்டேட் என்று பெயர், அதில் புற்றுநோய் என்று நிதானமாகச் சொன்னார். எலும்புக்கு இன்னும் போகவில்லை, கதிர்வீச்சுக் கரண்டு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியாக இரண்டு வருஷம் போட்டால் நன்றாகவே இருக்கலாம் என்றும் சொன்னார்.

"அறுவத்தாறு வருசமா அப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே அது கெட்டுப்போச்சுங்கிறாங்க" என்று உதயசூரியன் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

டாக்டர் சிவரஞ்சனிக்குச் சொன்னதையே மூன்று தடவை சொல்லும் பழக்கம் உண்டு. "ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. நோய்க்கு ஊசி. அந்த ஊசி எலும்பை மெலிய வைக்கும். அதுக்குத்தான் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு வைட்டமின் டி-யும். கொஞ்சம் வெயில்லயும் நடங்க. மாத்திரை எலும்புக்கு, ஊசி நோய்க்கு. மாத்திக்கக் கூடாது." உதயசூரியன் மூன்று தடவையும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் மனைவியை வராந்தாவின் ஓரத்துக்கு இழுத்துப்போனார். தன் தலையில் கை வைத்து, இதைப் பற்றி எவரிடமும் வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னார். பிச்சையம்மாள் பண்ணினார். பண்ணாமல் விட்டிருந்தால் மனிதர் அங்கேயே அழுதிருப்பார் போலிருந்தது.

அவர் பயம் சாவைப் பற்றியதல்ல. அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போது குழி வெட்ட யார் வேண்டுமானாலும் வரலாம்; கம்பை நிமிர்த்தி முதல் மண்ணைத் தள்ளுவது உதயசூரியன் கையாகத்தான் இருக்கவேண்டும். ராசியான கை. அவர் நட்ட காலுக்குக் கீழே நடந்த கல்யாணம் எதுவும் கோர்ட்டுக்குப் போனதில்லை என்று ஊரில் பேச்சு. உண்மையில் இரண்டு போயிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் கால் நட்டது தன் வேலையாட்களின் தலைவன் சேவுகன்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். கேன்சர்க்காரன் கை என்று தெரிந்தால் எந்த வீட்டில் அந்தக் கையைக் கம்பின் மேல் வைக்க விடுவார்கள்? வேலை போவதுகூடப் பெரிதில்லை. அந்த முதல் பிடி மண்ணை வேறு எவனோ தள்ளுவதைத் தள்ளி நின்று பார்க்க அவரால் முடியாது.

ஆகவே ஊருக்கு ஒரு பதில் தயார் செய்தார். ஏன் இளைத்துவிட்டீர்கள், ஏன் அடிக்கடி திருச்சிக்குப் போகிறீர்கள் என்று எவர் கேட்டாலும், "ஒண்ணுமில்லீங்க, வைட்டமின் டி கொறச்சல். நெழல்லயே இருந்த ஒடம்புல்ல?" என்பார். ஓசூரில் இருக்கும் மகனுக்கும் இதே பதில்தான். கேட்டவர்களுக்கெல்லாம் இது பிடித்துப்போயிற்று. ஊருக்கே நிழல் போட்ட மனிதருக்கு வெயில் போதவில்லையாம்! டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு கை கால் குடைச்சல்காரர்கள் அவரிடமே யோசனை கேட்க வந்தார்கள். அவரும் சளைக்காமல் சொன்னார். "பதினோரு மணியிலேருந்து பதினொண்ணே முக்கால். எண்ணெய் தேய்க்காதீக. சொவத்தோரமா நின்னா அது வெயில் கெடையாது, அது சும்மா வெளிச்சம்."

வாரத்துக்கு ஒன்று என்பது மட்டும் அவர் மனசுக்கு ஒப்பவில்லை. மழைக்காலத்தில் ஒரு ஷீட்டுக்கு மேல் இன்னொரு ஷீட்டுப் போடுகிற தொழில் அவருடையது. ஒரே வாரத்தில் நாலு மாத்திரையைக் காணோம் என்றதும் பிச்சையம்மாள் அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் உள்ளங்கையை நீட்டினால்தான் ஒன்று விழும். ஆனால் துபாய்க்குப் பூட்டு ஏது? பிரியாணி மாஸ்டர் நிஜாம், உதயசூரியன் பந்தல் போடும் இடத்திலெல்லாம் பின்பக்கம் அண்டா ஏற்றுகிறவர், உறவில்லாத உறவாக அவரை மாமா என்று கூப்பிடுகிறவர், தன் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் டி பாட்டில் ஒன்றை ஆசையோடு கொடுத்திருந்தார். அது கிட்டங்கியில் ஜமுக்காளச் சுருட்டுக்குள் குடியிருந்தது. தினமும் அதிலிருந்து ஒன்று உள்ளே போக, வாய் வறண்டது, வயிறு இறுகியது, குமட்டியது. எல்லாம் வெயில் உடம்புக்குள் இறங்குகிற அறிகுறி என்று அவரே முடிவுசெய்துகொண்டார்.

மாத்திரையைக் கொண்டாடினாரே தவிர ஊசியைக் கண்டால் ஆகாது. ஆண் சுரப்பை அடக்குகிற அந்த ஊசியைப் போட்டதிலிருந்து திடீர் திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஓர் அனல் கிளம்பி, கழுத்து வழியாக உச்சிக்கு ஏறி, ஆளை நனைத்துவிட்டு இறங்கும். முதல் தடவை அது வந்தபோது ஃபேனுக்கு அடியில் போய் விழுந்தார். பிச்சையம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசித்தார்.

"பன்னண்டு வருசத்துக்கு முந்தி எனக்கு இதே மாதிரி வேத்து ஊத்துனப்ப என்னா சொன்னீங்க?"

"என்னா சொன்னேன்?"

"'வயசானா எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதான், அதுக்காக ஃபேன அஞ்சுல வச்சுக் கரண்டு பில்ல ஏத்துவியா'ன்னீங்க." சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஃபேனை ஒன்றில் வைத்தார். உதயசூரியன் அனலோடு முழித்தார். இரண்டு நிமிஷம் கழித்துப் பிச்சையம்மாளே அதை ஐந்துக்குத் திருப்பி, ஈரத்துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு உதயசூரியன் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை.

அனலையாவது துடைத்துக்கொள்ளலாம். அழுகையை என்ன செய்வது? அதுவும் ஊசியின் வேலைதான். குடுமியான்மலையில் ஒரு கல்யாணத்தில், பெண்ணைத் தாரைவார்க்கும் நேரத்தில், கம்பத்துக்குப் பின்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். யாரிவர் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்க, பெண்ணின் தாய்மாமன் போலிருக்கிறது என்று எவரோ சொல்ல, இரண்டு பேர் வந்து மரியாதையாகக் கைத்தாங்கலாக மணவறைக்கு அழைத்துப்போய், அட்சதை கொடுத்து ஆசீர்வாதம் பண்ண வைத்துவிட்டார்கள். வேட்டி துண்டு வேறு கிடைத்தது. வீட்டுக்கு வந்து, "நான் பொம்பளையா மாறிக்கிட்டு வாரேன் பிச்சை" என்றார். "மாறுனாலும் ஒண்ணும் கொறஞ்சு போயிரமாட்டீங்க" என்றார் பிச்சையம்மாள்.

கரண்டு வைத்து முடிந்தது; நான்கு ஊசியும் இப்படிப் போயிற்று. அதற்குள் சீட்டில் இருந்த அந்த முப்பத்தெட்டு, ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஊரெல்லாம் வைட்டமின் டி, வைட்டமின் டி என்று ஒரு வருஷம் சொல்லிச் சொல்லி, சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். இந்த வருஷம் ஆனிக் கடைசியில் ஐந்தாவது ஊசி. "அன்னைக்கி முகூர்த்தம்" என்று தள்ளிப்போட்டார். ஆனி முடிந்து ஆடியும் பிறந்துவிட்டது.

"ஆடி மாசம் எந்த மகராசனுக்குங்க முகூர்த்தம் வச்சிருக்கீங்க?" என்றார் பிச்சையம்மாள்.

"கோயில்ல கூழு ஊத்துறாங்க. பந்தல் இருக்கு."

"கூழு காலையில ஊத்தி முடிஞ்சிரும். மத்தியானம் பஸ் ஏறலாம்."

உதயசூரியன் பனியனைக் கழற்றிக்கொண்டே உண்மையைச் சொன்னார். "நம்பர் எறங்கிருச்சு. எதுல எறங்குச்சு? வெயில்ல. மாத்திரையில. ஊசி போட்டு எனக்கு அழுகைதான் வந்துச்சு. இனிமே ஊசி வேணாம்."

பிச்சையம்மாளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மூன்று வாரம் தாண்டிவிட்டது, இப்படியே விட்டால் நோய் திரும்பத் தலையெடுக்கும், பிறகு அடக்குவது கஷ்டம் என்று டாக்டர் சிவரஞ்சனி இதையும் மூன்று தடவை சொன்னார். பிச்சையம்மாள் புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டார், ஒரு நாள் சோறு வடிக்காமலும் இருந்து பார்த்தார். மனிதர் டீக்கடையில் நாலு வடை தின்றுவிட்டு வந்தார். மகனிடம் சொல்லலாம் என்றால் சத்தியம் குறுக்கே நின்றது. அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்?

மறுநாள் வெயில் குளித்துவிட்டு, சாப்பிட்டு, உதயசூரியன் படுத்திருந்தார். கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. தூக்கத்தில் வருகிற தொழில் ஞாபகம் என்று புரண்டு படுத்தார். இரண்டாவது, மூன்றாவது குழி. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவர் வீட்டு முன்னால் அவருடைய ஆட்களே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நாற்காலிகள் தெருவைப் பார்த்து வரிசையாக இருந்தன. கம்பத்தில் வாழைமரம் இல்லை. ஆடி மாதம், வாழைமரம் இல்லாத பந்தல் என்றால் கீரனூரில் பச்சைக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த சேவுகன் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. முதலாளி துண்டோடு நிற்பதைக் கண்டதும் ஏணியிலிருந்து பாதி குதித்தும் பாதி விழுந்தும் இறங்கினான். "அண்ணே... நீங்க... உசுரோடதான் இருக்கீங்களா?"

"எவன்டா பந்தல் போடச் சொன்னது?"

"அண்ணிதான் போன் பண்ணுச்சு. 'நம்ம வீட்டு வாசல்ல பந்தல் போடணும். வாழைமரம் வேணாம்'னுச்சு. வேற ஒண்ணும் சொல்லலண்ணே." அவனும் கேட்கவில்லை. இந்த மாதிரி போன் வந்தால் இரண்டாவது கேள்வி கேட்கக்கூடாது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே உதயசூரியன்தான்.

தெரு கூடிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த நிஜாம், மாலை வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு நின்றார். அடுத்த வீட்டு ரத்தினவேல், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எதிலும் முன்யோசனைக்காரர், ஐஸ் பெட்டிக்கே போன் பண்ணிவிட்டிருந்தார். உதயசூரியனை உயிரோடு பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான் என்றாலும் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

உதயசூரியன் மனைவியைப் பார்த்தார். பிச்சையம்மாள் நிலைப்படியில் இடுப்பில் கை வைத்து நின்றார். "எதுக்குப் பந்தல்னு எல்லாரும் கேக்குறாக. நான் வாயத் தொறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க, வைட்டமின்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். வைட்டமின் டி குறைச்சலுக்கு யாரும் பந்தல் போடுவதில்லை.

"பிரிங்கடா" என்றார்.

சேவுகன் தலையைச் சொறிந்தான். "போட்ட பந்தல ஒரு காரியமும் நடக்காமப் பிரிக்கக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொல்லுவீங்க?"

அந்த நேரம் பார்த்து அடிவயிற்றிலிருந்து அனல் கிளம்பியது. பின்னாலேயே அழுகையும் வந்தது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். எந்த இடத்தில் நோய் என்பதையும் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. சொல்லி முடித்த பிறகு அவர் நிமிரவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஜாம்தான் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இத்தன நாளா எங்கிட்டக்கூடச் சொல்லலையே மாமா. நான் குடுத்த பாட்டலு நல்லாக் கேக்குதுல்ல? இன்னும் பத்து வரச் சொல்றேன்."

"வேணாம் மாப்ள. அது எலும்புக்கு" என்றார் உதயசூரியன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நோய்க்கு ஊசிதான்." சொன்னபிறகு, இதைச் சொன்னது யார் என்பதுபோலக் கொஞ்சம் திகைத்தார். பிச்சையம்மாள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்தினவேல் தொண்டையைச் செருமினார். அவர் மகள் இலக்கியாவுக்கு ஆவணியில் கல்யாணம். "அந்த ஊசிக்கு எத்தனை நாள் ஆகும்?"

"போயிட்டு வர ஒரு நாளுதான் சார்."

"அப்ப நாளைக்கே போயிட்டு வந்துடுங்க. ஆவணி மூணாம் தேதி எங்க வீட்டுல பந்தக்கால். அதுக்கு நான் வேற கைக்கு எங்க போவேன்?"

உதயசூரியனுக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்தத் தடவை ஊசியின் மேல் பழி போட முடியாது. துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். அங்கே தார் போட்ட வாழை ஒன்று நின்றது. ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்கென்று பிச்சையம்மாள் இலைகூட அறுக்கவிடாமல் காத்துவந்த மரம். அருவாளை எடுத்துக் கொடுத்ததும் பிச்சையம்மாள்தான். ஆடி மாதத்தில், ஒரு முகூர்த்தமும் இல்லாத நாளில், சேவுகன் அந்த மரத்தைத் தூக்கிவந்து வாசல் கம்பத்தில் சாய்க்க, உதயசூரியன் அதைக் கட்ட ஆரம்பித்தார்.

இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். வேண்டாமென்று சொல்ல ரத்தினவேல் மறந்துபோயிருந்த ஐஸ் பெட்டி வண்டி தெருமுனையில் திரும்பி, பந்தலை அடையாளம் பார்த்து, நேராக வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "உதயசூரியன் வீடு இதானுங்களா?" என்று அடங்கிய குரலில் கேட்டான். உதயசூரியன் கயிற்று நுனியைப் பல்லில் கடித்தபடியே திரும்பி, லாரிக்கு இடம் காட்டுகிற பழக்கத்தில் வலது கையை உயரத் தூக்கி, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி ஆட்டினார்.